பத்தரை மணி வண்டி

அந்த ஆன்ட்டி அந்த வண்டியைக் கண்ணால் பார்த்து நான் பார்த்ததே இல்லை. விற்கிறவர் அவர்தான். வண்டி நின்றதும் அவர் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில்தான். முதல் ஞாயிற்றுக்கிழமை வண்டி வாங்கும் ஆசையில் நாங்கள் நான்கைந்து பேர் போயிருந்தோம். டயரை உதைத்தோம், பானெட்டைத் திறந்து மூடினோம், எல்லாம் தெரிந்த மாதிரி தலையை ஆட்டினோம். அவர் வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கேட்டோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது கையைக் குவித்து இடது காதின் மேல் வைத்திருந்தார். பாவம், காது வலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பெங்களூர் மர்பி டவுனில் அவரை எல்லாரும் ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். அவருடைய பெயரே கல்லறைச் சிலுவையில் எழுதியிருந்ததைப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அதை இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பெயரைச் சொல்லி நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவர். டிரங்க் கால் காலத்து ஆள். காதில் கை வைக்கும் பழக்கம் அங்கிருந்து வந்ததுதான், வலி ஒன்றும் இல்லை. நாமெல்லாம் பார்த்துத் தெரிந்துகொள்கிற விஷயங்களை அவர் கேட்டுத் தெரிந்துகொள்வார். கேஸ் சிலிண்டரைத் தெருவில் உருட்டி வரும்போதே உள்ளிருந்து, "இது கொறையுது, வேற கொண்டாங்க" என்பார். எடை போட்டால் அவர் சொன்னது சரியாக இருக்கும். நான் கேட்டைத் திறந்த விதத்தை வைத்தே, "வீட்ல சண்டையா?" என்று கேட்டிருக்கிறார். உண்மையில் சண்டைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போகச் சோம்பல்பட்டு, படுக்கையில் கிடந்தபடியே போன் செய்து, "டிராஃபிக்ல மாட்டிக்கிட்டேன் ஆன்ட்டி, பத்து நிமிஷம்" என்றேன்.

"பரவால்ல, நிதானமா வா. வரும்போது உன் டிராஃபிக்ல சுத்துற ஃபேனுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டுட்டு வா. கிரீச்சுனு கத்துது."

என் மனைவி ஒரு வாரம் சிரித்தாள். அப்போது நானும் சிரித்தேன். அவரிடம் பொய் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்பதை மட்டும் அன்றோடு மனசில் எழுதி வைத்திருந்தால், பின்னால் இந்தப் பாடு வந்திருக்காது.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆம்பூரிலிருந்து பிழைக்க வந்து, தொம்மலூரில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. மற்றவர்கள் செய்த தப்பைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். என் வயதுக்காரர்கள் எல்லாரும் தவணையில் வெள்ளைக் கார் வாங்கி, முன்கண்ணாடியில் பிள்ளையாரை ஒட்டிக்கொண்டு போனார்கள். எனக்கு மட்டும் காலேஜ் நாளிலிருந்து பிடித்த பைத்தியம் வேறு. இரண்டே கதவு, தாழ்ந்த உடம்பு, கூரையை மடக்கினால் காற்று முகத்தில் அடிக்க வேண்டும். பழைய ஸ்போர்ட்ஸ் கார். கையில் இருந்ததோ ஒரு நல்ல மோட்டார் சைக்கிளுக்கே மூக்கால் அழ வேண்டிய தொகை.

"ரெண்டு பேர் உக்கார்ற வண்டியா? எங்கம்மா வந்தா டிக்கில வெச்சு ஓட்டுவீங்களா?" என்றாள் மனைவி. அந்த யோசனை எனக்கு அவ்வளவு மோசமாகத் தோன்றவில்லை, ஆனால் வெளியே சொல்லவில்லை.

இரண்டு வருஷம் இன்டர்நெட்டில் தேடினேன். என் பட்ஜெட்டுக்குள் வந்த ஸ்போர்ட்ஸ் கார்களில் ஒன்றுக்கு எஞ்சின் இல்லை, ஒன்றுக்குப் பேப்பர் இல்லை. ஒன்றில் எலிக் குடும்பம் குடியிருந்தது. அலுத்துப்போய் விட்டுவிட்ட நேரத்தில், அல்சூர் பக்கம் ஒரு மளிகைக் கடைச் சுவரில் கையால் எழுதிய அட்டையைப் பார்த்தேன். தமிழிலும் இங்கிலீஷிலும் அழகான எழுத்து. இரண்டு கதவு வண்டி விற்பனைக்கு, ஞாயிறு பூசைக்குப் பிறகு மட்டும் வரவும். அதற்குக் கீழே, ஓட்டிக் காட்டுகிறவர்களுக்கு மட்டும் என்று கோடு போட்டு எழுதியிருந்தது.

மங்கிய சிவப்பு நிறம். சென்னையில் என்றைக்கோ மூடிய தொழிற்சாலையில் செய்த வண்டி. கூரையை வெட்டித் துணி போட்டிருந்தார்கள். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். ஆட்டோக்காரர் சாவகாசமாக முந்திக்கொண்டு போவார். இருந்தாலும் அந்தத் தாழ்ந்த சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. அதைச் சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

ஆன்ட்டி வைத்த பரீட்சை விசித்திரமானது. மெயின் ரோடு வரை போய்த் திரும்பி, தெரு முனையில் மாதா சிலை வைத்த கெபி இருக்கும் வளைவில் இறங்கி, அவர் வீட்டு கேட்டைத் தாண்டிப் போக வேண்டும். அவர் ஏற மாட்டார். கண்ணை மூடி, காதில் கையை வைத்துக்கொண்டு கேட்டில் நிற்பார். போவதற்கு முன்னால் இடது கால் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொல்வார்.

"லைசென்ஸ் வெச்சுக்கங்க ஆன்ட்டி, செருப்பு எதுக்கு?" என்று கேட்டார் வந்தவர்களில் ஒருவர், யாரோ பில்டர்.

"லைசென்ஸ் போனா வேற எடுப்பீங்க. ஒத்தச் செருப்போட எங்க போவீங்க?"

எல்லாரும் சிரித்தோம். ஜாமீனுக்குத்தான் வாங்கி வைக்கிறார் என்று நம்பினோம்.

அந்த வண்டியின் இரண்டாவது கியர் தேய்ந்துபோன கியர். மூன்றிலிருந்து அவசரமாக இழுத்தால் கர்ரென்று பல்லைக் கடிக்கும். வளைவில் எல்லாருக்கும் கடித்தது. ஜோடியாக வந்த இரண்டு இளைஞர்கள் ஆக்சிலேட்டரை மிதித்து ஊரையே எழுப்பினார்கள். பில்டர், ஆன்ட்டி கேட்ட விலையைப் போல இரண்டு மடங்கு தருவதாகச் சொன்னார். ஆன்ட்டி செருப்பைத் திருப்பிக் கொடுத்து, "வேணாம்பா, போய்ட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

நான் ஆம்பூரில் மாமாவின் பழைய ஜீப்பில் ஓட்டக் கற்றவன். அதிலும் இதே வியாதி. கியரை நியூட்ரலில் ஒரு நொடி நிறுத்திவிட்டுத்தான் அடுத்ததைப் போட வேண்டும். கை தானாக அப்படியே செய்தது. வளைவில் எஞ்சின் சத்தம் ஒரு நொடி அமுங்கி, பிறகு இரண்டாவது கியர் வழுக்கிக்கொண்டு விழுந்தது. வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினேன். ஆன்ட்டி கண்ணைத் திறக்கவில்லை.

"யாரு இப்ப ஓட்டுனது?"

"நான்தான் ஆன்ட்டி."

"இன்னொரு வாட்டி போய்ட்டு வாங்க."

போனேன், வந்தேன். மூன்றாவது முறையும் அனுப்பினார். அப்புறம் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து, "கையில எவ்ளோ வெச்சிருக்கீங்க?" என்றார். பேரம் பேசத் தெரியாமல் உள்ளதைச் சொல்லிவிட்டேன். "சரி, அது போதும்" என்றார். என் அதிர்ஷ்டத்தை நினைத்து உள்ளுக்குள் குதித்தேன். அவர் வண்டி விற்கவே இல்லை, ஓட்டுகிற ஆளைத் தேடிக்கொண்டிருந்தார் என்பது புரிய எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பத்தரை மணிக்கு அந்த வண்டியில் கெபி வளைவு வழியாக வந்து அவர் கேட்டைத் தாண்டிப் போக வேண்டும். "நிக்கக்கூட வேணாம். போனா போதும்." அந்த விலைக்கு நான் ஞானஸ்நானம் எடுத்துக்கொள்ளக்கூடத் தலையாட்டியிருப்பேன். சத்தியமாக வருகிறேன் என்று சொன்னேன்.

பேப்பரில் கையெழுத்துப் போடும்போதுதான் வண்டி மகன் பெயரில் இருந்ததைக் கவனித்தேன். அவராகத்தான் சொன்னார், யாருக்கோ டிரங்க் கால் விவரம் சொல்கிற மாதிரி, ஏற்ற இறக்கமே இல்லாமல்.

"கொரோனா ரெண்டாவது அலைல போய்ட்டான். பதினோரு நாள் ஆஸ்பத்திரி. உள்ள விடல, போன்தான். மொதல்ல பேசினான். அப்புறம் மூச்சு மட்டும் கேட்டுச்சு. ஒரு நர்சு, நல்ல பொண்ணு, போன அவன் காதாண்ட புடிச்சுக்கிட்டே நின்னா. நான் ஜெபமாலை சொல்லிட்டிருந்தேன். மாலைல நாலாவது பத்து மணி உருட்டும்போது மூச்சு நின்னுடுச்சு. மூடுன வண்டில நேரா கல்லறைக்குக் கொண்டு போனாங்க. முகத்தக் காட்டல. முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் லைன் குடுத்தவ நான். எம்புள்ளைய காதாலதான் அடக்கம் பண்ணேன்."

பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தேன்.

"பாத்திருந்தா முடிஞ்சிருக்கும்பா. பாக்கல இல்ல? அதான் காது இன்னும் எதிர்பாக்குது. பூசை முடிஞ்சு ஒரு ரவுண்டு சுத்திட்டுப் பத்தரைக்கு அந்த வளைவுல வருவான். எடது கால்ல செருப்பு போடமாட்டான். கிளட்ச்சு காலுக்குத் தெரியணும்பான்."

அப்போதுதான் வாசல் ஓரம் கிடந்த என் செருப்பைத் திரும்பிப் பார்த்தேன்.

மனைவிக்கு இது பிடிக்கவில்லை. "வண்டியா வாங்கினீங்க, ஆவிக்கு வேலைக்கில்ல சேர்ந்திருக்கீங்க" என்றாள். நான் சிரித்து மழுப்பினேன். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அந்த நேரத்தில் எனக்குத் துக்கத்தைவிட வண்டி கிடைத்த சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது.

ஒரு வருஷம் தவறாமல் போனேன். டிராஃபிக் பொய் சொன்ன அன்றுகூடப் பதினொன்றுக்குள் போய்விட்டேன். வளைவில் ஒரு நொடி நிறுத்தி, கியரைப் போட்டு, கேட்டைத் தாண்டுவேன். சில நாள் இறங்கி காபி குடிப்பேன். பூசைக்குக் கட்டிய சேலையோடு, கண்ணை மூடி, காதில் கையோடு அவர் நிற்பார். வண்டியின் சத்தம் தெரு முனையில் சின்னதாகத் தொடங்கும்போது அவர் முகத்தில் ஒன்றும் இருக்காது. சத்தம் பெரிதாக ஆக ஆக உதடு லேசாகப் பிரியும். தாண்டிப் போகும்போது சிரித்துவிடுவார். "மொதல்ல இருமும், அப்புறம் தொண்டையச் செருமும், அப்புறம்தான் பேசும்" என்று அந்த எஞ்சினைப் பற்றிச் சொல்வார். ஒரு தடவை மனைவியையும் ஏற்றிக்கொண்டு போனேன். திரும்பும்போது அவள், "அவங்க நம்மளப் பாக்கலங்க. வேற யாரோ வர்றாங்கன்னு சிரிச்சாங்க" என்றாள். இனிமேல் தன்னைக் கூட்டிப்போக வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

எனக்கு அது உறைக்கவில்லை. யாரோ ஒருவருக்கு ஞாயிறுதோறும் நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு தலைக்கு ஏறியிருந்தது.

அடுத்த கோடையில் பழைய மெட்ராஸ் ரோட்டில் வண்டி கொதித்து நின்றுவிட்டது. ஜீவனஹள்ளியில் பாஷா பாய் என்றொரு மெக்கானிக், நம்பகமான ஆள். எஞ்சினைப் பிரித்துப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"பிளாக்கு கிராக் விட்டுடுச்சு சார். இதுக்கு சாமான் தேடணும்னா வண்டி வெலைய மாதிரி மூணு பங்கு ஆகும். கெடைக்குமோ, நை. ஒண்ணு பண்ணுங்க. சின்ன வேன் எஞ்சின், கியர்பாக்ஸோட செட்டா போட்டுத் தரேன். மைலேஜ் வரும், பொகை வராது. காய்க்கு டென்ஷன், எதுக்குக் கவலை?"

பழைய வண்டியைக் குறைந்த காசில் வைத்திருக்கிற எல்லாரும் செய்கிற காரியம்தான். வெளியே பழசு, உள்ளே வேன். ஆர்.சி.யில் எஞ்சின் நம்பரை மாற்றித்தரவும் அவரே ஆள் வைத்திருந்தார். என்னிடம் இருந்த காசுக்கு அது ஒன்றுதான் வழி. நான் ஆன்ட்டியைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. வண்டி சர்வீசில் இருக்கிறது என்று மட்டும் நான்கு ஞாயிறு போனில் சொன்னேன். பழைய எஞ்சினைக் குஜிரிக்குப் போட்டுவிடட்டுமா என்று பாஷா பாய் கேட்டார். பழைய இரும்புக் கடையைத்தான் இங்கே குஜிரி என்பார்கள். போட்டுவிடுங்கள் என்றேன், வாயில் பஜ்ஜியோடு.

புது எஞ்சின் தையல் மிஷின் மாதிரி ஓடியது. இருமல் இல்லை, செருமல் இல்லை. கியர் வெண்ணெயாக விழுந்தது. ஆன்ட்டிக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று நினைத்து, நாளைக்கு வண்டி வருகிறது என்று சனிக்கிழமை போன் செய்தேன். அப்பா, வந்துச்சா என்று அவர் பெருமூச்சு விட்டது கேட்டது.

பத்தரைக்குக் கெபி வளைவில் திரும்பினேன். கேட்டில் நின்றிருந்தார். கண் மூடி, காதில் கை. நான் நெருங்க நெருங்க முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. சரியாக அவர் எதிரே கொண்டுபோய் நிறுத்தினேன். இரண்டு அடி தூரம்தான். அவர் முகத்தை வளைவின் பக்கம் திருப்பியபடியே இருந்தார்.

"தம்பி, வேன கொஞ்சம் முன்னாடி எடுத்துக்கறீங்களா? பின்னாடி நம்ம வண்டி வரும்."

ஒரு வருஷமாக என்னை நீ என்று உரிமையோடு கூப்பிட்டவர் அவர். நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். கியரைப் போட்டு முன்னால் எடுத்தேன். அப்படியே போய்விட்டேன். கண்ணாடியில் பார்த்தபோது அவர் அதே இடத்தில் நின்றிருந்தார்.

மத்தியானம் போன் செய்தேன். பொய்தான் வாயில் வந்தது. "ஆன்ட்டி, வண்டி இன்னும் ரெடியாகல. பாய் இன்னும் ஒரு வாரம் கேக்கறாரு."

"ம்" என்றார். "இன்னிக்கி ஒரு வேன் வந்துச்சு. கேட்டாண்ட நின்னுட்டுப் போச்சு."

"அப்படியா ஆன்ட்டி."

"ஓட்டுனவரு ஒண்ணும் பேசல. மூச்சு மட்டும் கேட்டுச்சு."

அவருக்குத் தெரிந்துவிட்டதா, தெரியவில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறு மனைவியின் ஸ்கூட்டரில் போய், ஹெல்மெட்டைக் கழற்றாமல் தூரத்தில் நின்று பார்த்தேன். பத்தரைக்கு வந்து நின்றவர் பன்னிரண்டு அடிக்கும் வரை நின்றார். நடுவில் ஒரு டெம்போ போயிற்று, ஒரு தண்ணீர் லாரி போயிற்று. ஒவ்வொன்றுக்கும் ஒதுங்கி வழிவிட்டு மறுபடி கேட்டில் வந்து நின்றார். அந்த வெயிலில் எனக்கு அழுகை வந்தது. ஒரு மனுஷி தன் பிள்ளையிடமிருந்து மிச்சம் வைத்திருந்த ஒரே சத்தம் அது. அதைத்தான் நான் எடைக்குப் போட்டிருந்தேன்.

மறுநாள் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுக் குஜிரிக்கு ஓடினேன். கடைக்காரர் அன்பாகத்தான் பேசினார். வார்ப்பு இரும்பை வைத்திருக்க மாட்டார்களாம். சம்மட்டியால் உடைத்து லாரியில் ஏற்றியாகிவிட்டது. உருக்கியே இருப்பார்கள் என்றார். அந்த இடத்தில் கறுப்பாக எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. அதையாவது பார்த்துவிட்டு வந்தேன்.

புதன்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன். நடந்ததை எல்லாம் சொன்னேன், வேனை ஓட்டி வந்தது நான்தான் என்பது உட்பட. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. என் போனில் ஒரு பழைய வீடியோ இருந்தது. வண்டி வாங்கின அன்று ஊருக்கு அனுப்புவதற்காக எடுத்தது, எஞ்சின் ஓடுகிற சத்தத்தோடு. அதைப் போட்டுக் காட்டினேன். போனைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார்.

"இது நின்ன எடத்துலயே நிக்குதுப்பா. வரமாட்டேங்குது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அப்புறம் கேட்டார். "எங்க இருக்குது இப்போ?"

"ஒடச்சுட்டாங்க ஆன்ட்டி. லாரில போயிடுச்சு."

"நீ பாத்தியா?"

"இல்ல ஆன்ட்டி. நான் போறதுக்குள்ள கொண்டு போயிட்டாங்க."

"நீயும் பாக்கலையா" என்றார்.

அந்த வார்த்தை இன்னும் என்னைத் தூங்கவிடவில்லை. அதில் கோபம் கிடையாது. என் மேல் இரக்கப்பட்டுச் சொன்னார், அதைத்தான் தாங்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டேன். தலையில் கை வைத்து, "ஸ்வல்ப இருப்பா, கொஞ்சம் இருப்பா" என்றார். பிறகு எழுந்து கேட்டுக்குப் போனார். என்னைப் பார்க்காமலேயே, "எடது செருப்ப இங்க வெச்சுட்டு, ஒரு ரவுண்டு போய்ட்டு வா" என்றார்.

புதன்கிழமை பகல். பத்தரை மணியும் இல்லை. மெயின் ரோடு வரை போய்த் திரும்பினேன். வெறுங்கால் கிளட்ச்சில் இருந்தது. கெபி வளைவில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இழுத்தேன். புது கியர்பாக்ஸ், நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் ஒரு வருஷப் பழக்கத்தில் கை நியூட்ரலில் ஒரு நொடி நின்றது. எஞ்சின் அமுங்கியது. பிறகுதான் கியர் விழுந்தது.

கேட்டில் நிறுத்தினேன். அவர் கை காதிலிருந்து இறங்கியிருந்தது.

"எஞ்சின் யாருதோ. வளைவுல ஒரு செகண்ட் சும்மா விட்ட பாரு, அது நம்மளுது. அது போதும்."

போதும் என்று வாய்தான் சொன்னது. முகத்தில் அந்தச் சிரிப்பு வரவில்லை. அதற்குப் பிறகு வந்த எந்த ஞாயிற்றுக்கிழமையும் அது வரவில்லை. நான் விடாமல் போனேன். அவர் விடாமல் நின்றார். தெரு முனையில் சத்தம் தொடங்கும்போது அந்நியமாகக் கேட்பார். வளைவில் அந்த ஒரு நொடிக்கு மட்டும் புருவம் லேசாக ஏறும். கதவு தட்டுகிறார்களா என்று உற்றுக் கேட்கிறவர் மாதிரி. கியர் விழுந்ததும் இறங்கிவிடும்.

இந்த வருஷத் தவக்காலத்தில் ஆன்ட்டி தூக்கத்திலேயே போய்விட்டார். கல்லறையில் பெட்டியை மூடப்போகும்போது, பார்க்க வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். உறவுக்காரர்கள் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். நான் நகரவில்லை. நெற்றி, மூடிய கண், இரண்டு காது, எல்லாவற்றையும் நன்றாகப் பார்த்தேன். போதும் தம்பி என்று ஒருவர் தோளைத் தொடும் வரை பார்த்தேன். பார்த்தால் முடிந்துவிடும் என்று அவர்தான் சொல்லியிருந்தார்.

முடியவில்லை. எந்த வண்டியில் ஏறினாலும் இடது செருப்பைக் கழற்றிவிடுகிறேன். முகம்கூடத் தெரியாத ஒருவனுடைய காலும் கையும் எனக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அவன் போட்டோவைக் காட்டுகிறேன் என்று உறவுக்காரர் ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். வண்டியை விற்கவும் மனசில்லை. வேன் எஞ்சின் போட்டதை வாங்க ஆளும் இல்லை.

"இனிமே எதுக்குங்க அங்க போறீங்க?" என்று கேட்டாள் மனைவி.

"வண்டிக்குப் பழகிடுச்சு" என்றேன். போன ஞாயிறு அவளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

பத்தரைக்குக் கெபி வளைவு வருகிறது. மூன்றிலிருந்து கியரை எடுக்கிறேன். கை நியூட்ரலில் நிற்கிறது. அந்த ஒரு நொடி எஞ்சின் சத்தம் அமுங்குகிறது. கேட்டில் யாரும் இல்லை என்பது அப்போதுதான் நன்றாகக் கேட்கிறது.